மதுரைப் பக்கத்துப் பாட்டன் பூட்டன் நிலத்தைப் பழைய பதிவேடுகளில் தேடுவது: முழுமையான வழிகாட்டி

என் பூட்டனார் பெயரில் எங்கள் ஊரில் ஒரே காலத்தில் ஏழு பேர் இருந்திருக்கிறார்கள். ஏழு பேரும் உறவுதான். குலசாமி பெயரை மூத்த பிள்ளைக்கும், தாத்தா பெயரைப் பேரனுக்கும் வைப்பது நம் வழக்கம். உசிலம்பட்டி, திருமங்கலம், மேலூர்ப் பக்கம் எந்த ஊருக்குப் போனாலும் கருப்பணன், பெரியகருப்பன், சின்னக்கருப்பன் என்று ஒரு வரிசையே இருக்கும். இந்தப் பெயரை மட்டும் கையில் வைத்துக்கொண்டு தாலுகா அலுவலகத்துக்கும் பத்திர ஆபீசுக்கும் ஒன்றரை வருஷம் அலைந்தேன். கிடைத்ததெல்லாம் வேறு யாரோ ஒருவருடைய நிலம்.

அதற்கப்புறம்தான் ஒன்று புரிந்தது. மனிதரைத் துரத்தக் கூடாது, மண்ணைத் துரத்த வேண்டும். ஆட்கள் இறப்பார்கள், பெயர்கள் திரும்பத் திரும்ப வரும், ஊர் மாறிப் போவார்கள். நிலம் அதே இடத்தில்தான் கிடக்கிறது. அதற்கு ஒரு எண், அந்த எண்ணுக்கு முந்தைய எண், அதற்கும் முந்தையது என்று ஒரு சங்கிலி உண்டு. அந்தச் சங்கிலியை இன்றிலிருந்து பின்னோக்கி, ஒரு கண்ணியையும் விடாமல் பிடித்துப் போனால் 1860-கள் வரைகூடப் போக முடியும். போகிற வழியில் யார் யாருக்குப் பிள்ளை, யார் யாரைக் கட்டியவர் என்கிற குடும்பக் கதையும் தானாக வெளியே வரும். நான் தட்டுத் தடுமாறிக் கற்ற முறையைக் கீழே எழுதியிருக்கிறேன்.

முதல் படி: அலுவலகம் போகுமுன் வீட்டைத் தேடுங்கள்

பத்திரம் இருக்கிறதா என்று மட்டும் கேட்காதீர்கள். பெரும்பாலான வீடுகளில் இல்லை என்றுதான் பதில் வரும். கிஸ்தி ரசீது இருக்கிறதா என்று கேளுங்கள். நிலவரி கட்டிய அந்தச் சின்னத் துண்டுச் சீட்டில் பசலி ஆண்டு (நிலவரிக் கணக்குக்கான ஆண்டு), பட்டா எண், கிராமம் மூன்றும் இருக்கும். சங்கிலியைத் தொடங்க அது போதும். கூட்டுறவுச் சங்கத்தில் வாங்கிய கடன் சீட்டு, கிணற்றுக்கு மின் இணைப்பு வாங்கிய காகிதம், பழைய கோர்ட் சம்மன் எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். ஜாதகம் கிடைத்தால் இன்னும் நல்லது. பிறந்த தமிழ் வருஷம், மாதம், சில ஜாதகங்களில் தாய் தந்தை பெயர்கூட இருக்கும்.

நம் பக்கத்துக்கே உரிய ஒரு பொக்கிஷம் உண்டு: மொய் நோட்டு. காதுகுத்து, கல்யாணம், வசந்த விழா என்று எழுதிய அந்த நோட்டுகளில் ஊர்ப் பெயர் வாரியாக யார், யார் மகன், எவ்வளவு என்று வரிசையாக இருக்கும். தாய்மாமன் செய்முறை தனியாக எழுதப்பட்டிருக்கும். ஐம்பது அறுபது வருஷத்து மொய் நோட்டு ஒன்று கிடைத்தால், உங்கள் குடும்பம் எந்தெந்த ஊரில் பெண் எடுத்தது, கொடுத்தது என்ற முழுப் படமும் அதில் இருக்கிறது. எங்கள் பெரியப்பா வீட்டுப் பரணில் இருந்த ஒரு நோட்டில்தான் பூட்டியின் பிறந்த ஊர் எனக்குத் தெரியவந்தது. அரசாங்கத்தின் எந்தப் பதிவேட்டிலும் அது இல்லை.

அடுத்து குலசாமி கோயில். மாசிச் சிவராத்திரிக்குப் பங்காளிகள் எல்லாரும் ஓரிடத்தில் கூடுவார்கள். அன்றைக்குப் பெரியவர்களிடம் உட்கார்ந்து, இன்னார் வகையறா என்றால் அந்த இன்னார் யார், அவருக்கு எத்தனை ஆண்மக்கள், எந்த வகையறா எந்தத் தெருவில் என்று எழுதிக்கொள்ளுங்கள். வகையறாப் பெயர் மிக முக்கியம். பழைய பதிவுகளில் ஒரே பெயருள்ள ஏழு பேரைப் பிரித்துக் காட்டுவது அதுதான். வெளியூருக்கு வாக்கப்பட்டுப் போன அத்தைமார்களை விட்டுவிடாதீர்கள். ஊரிலேயே இருக்கிற ஆண்கள் சொல்லும் கதை நிலத்தைக் கையில் வைத்திருப்பவர் கதையாக இருக்கும். அத்தைகளிடம் நடந்த கதை கிடைக்கும்.

இத்தனையும் சேர்த்து ஒரு பெரிய தாளில் குடும்ப மரம் வரையுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் தந்தை பெயர், மனைவி பெயர், தோராயமாக இறந்த காலம் எழுதுங்கள். உறுதியானதை மையிலும் சந்தேகமானதைப் பென்சிலிலும் எழுதுங்கள்.

இரண்டாம் படி: அந்த நிலம் அன்று யார் கையில் இருந்தது?

நிறையப் பேர் இந்தக் கேள்வியைக் கேட்காமலே தேடத் தொடங்கி, இல்லாத பதிவேட்டைத் தேடிக் களைத்துப் போகிறார்கள். வெள்ளைக்காரன் காலத்தில் மதுரைச் சீமையில் நிலம் மூன்று விதமாக இருந்தது. அரசாங்கத்துக்கே நேரடியாகத் தீர்வை கட்டிய அயன் நிலம், அதாவது ரயத்துவாரி. ஜமீன்தாருக்குக் குத்தகையோ வாரமோ கொடுத்த ஜமீன் நிலம். கோயிலுக்கும் சத்திரத்துக்கும் பிராமணர்களுக்கும் ஊர் ஊழியக்காரர்களுக்கும் விடப்பட்ட இனாம் நிலம். ஒவ்வொன்றுக்கும் பதிவேடு வேறு, அது இருக்கும் இடமும் வேறு.

திண்டுக்கல் பகுதி 1792-ல் திப்பு சுல்தானிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனிக்குப் போனது. மதுரை 1801-ல் கர்நாடக நவாபுடன் செய்த உடன்படிக்கையால் வந்தது. 1802-ன் நிரந்தர நிலவரிச் சட்டத்தைத் தொடர்ந்து இராமநாதபுரமும் சிவகங்கையும் பெரிய ஜமீன்கள் ஆயின. மதுரையை ஒட்டிச் சாப்டூர், பேரையூர், போடிநாயக்கனூர், கண்டமனூர், கன்னிவாடி என்று பழைய பாளையங்கள் ஜமீன்களாக நீடித்தன. உங்கள் ஊர் இவற்றில் ஒன்றுக்குள் இருந்திருந்தால், 1948-ஆம் ஆண்டின் ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்கு முன்னால் அரசாங்கப் பட்டா என்ற ஒன்றே இருந்திருக்காது. ஜமீன் முத்திரை போட்ட பட்டாவும், குடியானவர் எழுதிக்கொடுத்த முச்சலிக்காவும்தான் இருந்திருக்கும். வீட்டில் அப்படி ஒரு காகிதம் இருந்தால் கண்ணைப் போல வைத்துக்கொள்ளுங்கள்.

மாவட்ட, தாலுகா எல்லைகள் மாறியதையும் இப்போதே குறித்துக்கொள்ளுங்கள். 1910-ல்தான் இராமநாதபுரம் தனி மாவட்டம் ஆனது. அதற்கு முன்னால் சிவகங்கைப் பக்கத்து நிலம் மதுரை ஜில்லாப் பதிவுகளில் இருக்கும். திண்டுக்கல் 1985-லும் தேனி 1996-லும் மதுரையிலிருந்து பிரிந்தன. தாலுகாக் கதை இன்னும் சிக்கல். இன்று உசிலம்பட்டி தனித் தாலுகா, அன்று அது திருமங்கலம் தாலுகாவில் ஒரு ஊர். சோழவந்தான், வாடிப்பட்டி எல்லாம் நிலக்கோட்டைத் தாலுகா. தேனியைப் பெரியகுளம் தாலுகாவில் தேட வேண்டும். பழைய தாலுகாப் பெயர் தெரியாமல் ஆவணக் காப்பகத்துக்குப் போனால் அட்டவணையையே திறக்க முடியாது.

மூன்றாம் படி: இன்றைய எண்ணிலிருந்து பின்னோக்கி நடங்கள்

நிலம் இப்போது யார் பெயரில் இருந்தாலும் பரவாயில்லை, புல எண் (சர்வே நம்பர்) தெரிந்தால் போதும். அரசின் இணையச் சேவைத் தளத்தில் பட்டாவும் ‘அ’ பதிவேட்டு விவரமும் புலப்படமும் பார்க்கலாம். புல எண்ணே தெரியாவிட்டால், நிலத்துக்கே போய் நில்லுங்கள். பக்கத்து வயல்காரரின் பட்டாவில் உள்ள எண்ணை வாங்கி, அதன் புலப்படத்தை எடுத்தால் சுற்றியுள்ள எண்கள் அதில் குறிக்கப்பட்டிருக்கும்.

‘அ’ பதிவேடுதான் இந்தத் தேடலின் முதுகெலும்பு. அதில் புது எண்ணுக்குப் பக்கத்திலேயே பழைய புல எண் இருக்கும். ரயத்துவாரியா இனாமா, நஞ்சையா புஞ்சையா, மண் வயனமும் ரகமும், தீர்வை, பரப்பு, பட்டா எண், பெயர் எல்லாம் ஒரே வரியில். முதலில் பழைய எண்ணையும், பிறகு கடைசிக் குறிப்புப் பத்தியையும் பாருங்கள். பெயரை அதற்கப்புறம் பார்த்தால் போதும்.

இன்றைய கணினிப் பட்டாவின் அடிப்படை, 1979 முதல் 1987 வரை நடந்த நிலவுடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டம். எல்லாரும் யுடிஆர் என்றுதான் சொல்வார்கள். மதுரைப் பக்கத்துக் குடும்பங்களில் நிலத் தகராறு என்று வந்தால் பாதிக்கு மேல் இந்த இடத்தில்தான் வேர் இருக்கிறது என்பது என் அனுபவம். அன்று ஊரில் இருந்தவர் பெயர் ஏறியது, பிழைப்புக்கு வெளியூர் போனவர் பெயர் விடுபட்டது. கூட்டுப் பட்டாவில் நாலு பேர் இருந்தால் மூத்தவர் ஒருவர் பெயர் மட்டும் ஏறியது. தந்தை பெயர் மாறிப்போனது. ஆகவே யுடிஆர் பதிவேட்டில் உங்கள் குடும்பம் இல்லை என்றால் மனம் தளர வேண்டாம். அதற்கு முந்தைய பதிவேட்டைக் கேளுங்கள்.

முந்தையது என்றால், அயன் கிராமங்களுக்கு, தீர்வையை நிர்ணயித்தபோதும் மறுபடி நிர்ணயித்தபோதும் எழுதிய செட்டில்மெண்ட், ரீசெட்டில்மெண்ட் பதிவேடுகள். ஜமீன், இனாம் கிராமங்களுக்கு, அவை ஒழிக்கப்பட்ட பிறகு எழுதிய செட்டில்மெண்ட் நிலப் பதிவேடு. எஸ்.எல்.ஆர். என்று கேட்டால் அலுவலகத்தில் புரிந்துகொள்வார்கள். இவை தாலுகா அலுவலகத்திலோ கலெக்டர் அலுவலகப் பதிவறையிலோ இருக்கும். வாய்மொழியாகக் கேட்டால் “அதெல்லாம் செல்லரித்துப் போச்சு” என்று ஒரு அலுவலகத்தில் என்னைத் திருப்பி அனுப்பினார்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தோடு மனு எழுதினேன். முப்பது நாளைக்குள் பதில் தர வேண்டும் என்பது சட்டம். செல்லரித்துப் போன அதே பதிவேட்டின் நகல் இருபத்தாறாம் நாள் தபாலில் வந்தது. மனுவில் கிராமத்தின் பெயர், பழைய தாலுகா, பழைய புல எண், பதிவேட்டின் பெயர் நான்கையும் தெளிவாக எழுதுங்கள். “என் தாத்தா நிலம் பற்றிய விவரம்” என்று எழுதினால் ஒன்றும் வராது.

பரப்பைச் சரிபார்க்கும்போது அளவு மாறியிருப்பதை மறக்காதீர்கள். பழைய பதிவில் ஏக்கர்–சென்ட், புதியதில் ஹெக்டேர்–ஏர். ஒரு ஏர் 2.47 சென்ட். 40.5 ஏர் என்றால் ஒரு ஏக்கர். பழைய எண்ணில் 1 ஏக்கர் 62 சென்ட் இருந்து, புது எண்களின் கூட்டல் 65.5 ஏர் வந்தால் சங்கிலி சரி. குறைந்தால் நடுவில் ஒரு உட்பிரிவை விட்டிருக்கிறீர்கள்.

மேலூர்ப் பக்கத்தார் ஒன்றைக் கவனியுங்கள். முல்லைப் பெரியாறு அணை நீர் வந்தது 1895-ல். அதற்கு முன் எழுதிய பதிவில் உங்கள் நிலம் புஞ்சை என்றிருக்கும், பின்னால் வந்ததில் நஞ்சை என்றிருக்கும். வேறு நிலமோ என்று பயந்து ஒதுக்கிவிடாதீர்கள். தண்ணீர் வந்ததால் மாறிய அதே நிலம்தான் அது.

நான்காம் படி: பத்திர ஆபீஸ்

குடும்பக் கதை அதிகமாகப் புதைந்து கிடப்பது இங்கேதான். ஆவணப் பதிவுக்கான முதல் பொதுச் சட்டம் 1864-ல் வந்தது. நூறு ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள அசையாச் சொத்துக் கிரயம் பதிவாக வேண்டும் என்பது அன்று முதல் தொடர்கிற விதி. அதன் மறுபக்கத்தையும் புரிந்துகொள்ளுங்கள். அந்தக் காலத்தில் நூறு ரூபாய் பெரிய தொகை. தொண்ணூறு ரூபாய்க்கு வாங்கிய ஒரு துண்டு நிலத்துக்குப் பதிவே இல்லாமல் இருக்கலாம்.

இணையத்தில் வில்லங்கச் சான்று பெரும்பாலும் 1975 முதல்தான் கிடைக்கும். அதற்கு முன்னால் வேண்டுமானால் சார்பதிவாளர் அலுவலகத்தில் நேரடியாக மனுக் கொடுத்துக் கையால் தேடச் சொல்ல வேண்டும். முதலில் உங்கள் கிராமம் அந்தக் காலத்தில் எந்தப் பதிவு அலுவலகத்தில் இருந்தது என்று கேளுங்கள். புது அலுவலகம் பிரிந்தபோது பழைய புத்தகங்கள் தாய் அலுவலகத்திலேயே தங்கியிருக்கும்.

அசையாச் சொத்துப் பத்திரங்கள் முழுவதும் 1-ஆம் புத்தகத்தில் எழுத்துக்கு எழுத்து நகல் எடுக்கப்பட்டிருக்கும். இதற்கு இரண்டு அட்டவணைகள். ஒன்று ஆட்களின் பெயர்ப்படி, மற்றொன்று ஊர், நிலப்படி. கட்டணம் கட்டி யார் வேண்டுமானாலும் இந்தப் புத்தகத்தையும் அட்டவணையையும் பார்க்கலாம். உயில்கள் 3-ஆம் புத்தகத்தில் இருக்கும். எழுதியவர் உயிரோடிருக்கும்வரை அவரைத் தவிர மற்றவர்களுக்கு நகல் தரமாட்டார்கள், இறந்தபின் கேட்கலாம். உயில் பதிவு கட்டாயமில்லை என்பதால் புத்தகத்தில் இல்லை என்பதற்காக உயிலே இல்லை என்று முடிவு கட்டாதீர்கள்.

நிலத்தின் அட்டவணையிலிருந்து தொடங்குங்கள். கிராமம், பழைய புல எண் வைத்து ஒரு பத்திரம் பிடிபட்டதும் அதன் நகலை வாங்கி, ஒரு வரி விடாமல் படியுங்கள். பழைய பத்திரங்களில் எழுதிக்கொடுப்பவர், எழுதிவாங்குபவர் இருவருக்கும் தந்தை பெயர், ஊர், சாதி, தொழில் எல்லாம் இருக்கும். “பிதிரார்ஜிதமாக எனக்குக் கிடைத்து” என்றால் அவருடைய தகப்பன் வழியில் வந்தது. “சுயார்ஜிதம்” என்றால் அவரே சம்பாதித்தது. “ஸ்வீகார புத்திரன்” என்றால் தத்துப்பிள்ளை. நம் குடும்ப மரத்தில் சட்டென்று ஒரு கிளை முளைக்கிற இடம் அது. “பாரியாள்” என்றால் மனைவி. “ஒத்தி”, “போக்கியம்” என்றிருந்தால் நிலம் விற்கப்படவில்லை, கடனுக்கு ஈடாக அனுபவிக்கக் கொடுக்கப்பட்டிருக்கிறது. நிறையக் குடும்பங்களில் “பாட்டன் விற்றுவிட்டார்” என்று சொல்லப்படும் நிலம் உண்மையில் ஒத்திக்குப் போய்த் திரும்பாமலே நின்றதாக இருக்கும்.

பெண்களைத் தேடுகிறவர்களுக்கு ஒரு வழி சொல்கிறேன். மைனர் பிள்ளைகள் பெயரில் நடந்த பத்திரங்களைத் தேடுங்கள். தகப்பன் இறந்தபின் நிலத்தை விற்கவோ அடமானம் வைக்கவோ நேர்ந்தால், “மைனருக்குக் கார்டியனும் தாயாருமான” என்று தாயின் பெயர் முழுதாக எழுதப்பட்டிருக்கும். கிஸ்தி ரசீதிலும் பட்டாவிலும் ஒரு தடவைகூட வராத என் பூட்டியின் பெயரை, அவர் கைரேகை வைத்த ஒரு அடமானப் பத்திரத்தின் நகலில்தான் முதன்முதலாகப் பார்த்தேன். அந்தப் பெயரை வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். முதல் சாட்சியின் பெயரையும் ஊரையும் குறித்துக்கொண்டேன். அவர் பூட்டியின் அண்ணன் என்று பின்னால் மொய் நோட்டு சொன்னது. சாட்சிகளை விட்டுவிடாதீர்கள். அந்தக் காலத்தில் சாட்சிக்கு நிற்பவர் மாமன், மச்சான், பங்காளிதான்.

அடுத்துச் செக்குபந்தி. “இன்னார் புஞ்சைக்குத் தெற்கு, ஓடைக்கு வடக்கு, இன்னார் நிலத்துக்குக் கிழக்கு, வண்டிப் பாதைக்கு மேற்கு, இதன் மத்தியில்” என்று நாலு எல்லையும் எழுதியிருக்கும். புல எண் இல்லாத மிகப் பழைய பத்திரங்களில் நிலத்தைப் பிடிக்க இதுவே வழி. எல்லையில் வருகிற பெயர்களை உங்கள் மரத்தோடு ஒப்பிடுங்கள். பாகம் பிரிந்த அண்ணன் தம்பி நிலங்கள் பக்கத்துப் பக்கத்தில்தான் இருக்கும். வடக்கெல்லைக்காரர் உங்கள் பூட்டனின் தம்பி என்று தெரிந்தால், அவருடைய பத்திரத்தில் உங்கள் பூட்டன் தெற்கெல்லையாக இருப்பார். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஏழு பேரில் உங்களவர் யார் என்பது தீர்ந்துவிடும்.

எழுத்தும் ஆண்டும் எண்ணும்

பசலி ஆண்டோடு 590-ஐக் கூட்டினால் ஆங்கில ஆண்டு வரும். பசலி ஜூலை 1-ல் தொடங்கும். பசலி 1300 என்றால் 1890 ஜூலை முதல் 1891 ஜூன் வரை. தமிழ் வருஷங்கள் அறுபதுக்கு ஒருமுறை திரும்பும் என்பதால் ஏமாற வாய்ப்பு அதிகம். பிரபவ 1867-லும் 1927-லும் 1987-லும் தொடங்கியது, அதிலிருந்து எண்ணிக்கொள்ளுங்கள். “தாது வருஷம் ஆவணி” என்றிருந்தால் அது பெரும் பஞ்சம் வந்த 1876-ஆக இருக்கலாம், 1936-ஆகவும் இருக்கலாம். முத்திரைத் தாளில் இருக்கும் தலையைப் பாருங்கள். விக்டோரியா ராணி என்றால் முன்னது, ஜார்ஜ் அரசர் என்றால் பின்னது. தாது வருஷப் பஞ்சத்தை ஒட்டிய பத்திரங்களைக் கூர்ந்து பாருங்கள். வயிற்றுக்காகக் கைமாறிய நிலங்கள் அந்தச் சில ஆண்டுகளில் ஏராளம்.

தமிழ் எண்கள் பழகாதவர்களைக் குழப்பும். ௧ என்பது க போல, ௨ உ போல, ௭ எ போல, ௮ அ போல, ௰ ய போல இருக்கும். இருபத்தைந்தை ௨௰௫ என்று எழுதுவார்கள். பங்குக் கணக்கில் மா என்றால் இருபதில் ஒன்று, காணி என்றால் எண்பதில் ஒன்று. கூட்டுக் குடும்பத்தில் யாருக்கு எத்தனை பங்கு என்பது இப்படித்தான் எழுதப்பட்டிருக்கும். கையெழுத்து படிக்க முடியவில்லை என்றால், ஊரில் பழைய கணக்குப்பிள்ளைக் குடும்பத்தார் இருந்தால் அவர்களிடம் போங்கள். பரம்பரைக் கணக்குப்பிள்ளை, மணியக்காரர் பதவிகள் 1980-ல் ஒழிக்கப்பட்டன. அந்த எழுத்தைப் படிக்கத் தெரிந்த தலைமுறை இன்னும் சில ஆண்டுகள்தான் இருக்கும்.

எழும்பூருக்குப் போக வேண்டியவர்கள்

இனாம் நிலக்காரர்களும் ஜமீன் கிராமத்தாரும் ஒருமுறையாவது சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்குப் போக வேண்டியிருக்கும். 1858-ல் அமைந்த இனாம் கமிஷன், ஒவ்வொரு இனாமையும் விசாரித்துப் பதிவேடு எழுதியது. இனாம் ஃபேர் ரிஜிஸ்டர் என்று பெயர். அதில் இருபதுக்கும் மேற்பட்ட பத்திகள். இனாம் யார் காலத்தில், யாரால், எதற்காக விடப்பட்டது, முதலில் யார் பெயரில், இப்போது அனுபவிப்பவர் யார், வயது என்ன, அவருக்கும் முதலில் இனாம் பெற்றவருக்கும் என்ன உறவு என்பதுவரை இருக்கும். 1860-களிலேயே எழுதப்பட்ட ஒரு வம்ச வரலாறு அது. வீட்டில் டி.டி. எண் (டைட்டில் டீட், அதாவது இனாம் உரிமைப் பத்திர எண்) போட்ட காகிதம் இருந்தால் அந்த எண்ணை வைத்தே பதிவைப் பிடிக்கலாம்.

1963-ல் வந்த இனாம் ஒழிப்புச் சட்டங்கள், அதிலும் சிறு இனாம்களுக்கான 30-ஆம் எண் சட்டம், நிலத்தை ரயத்துவாரிப் பட்டாவாக மாற்றின. செட்டில்மெண்ட் தாசில்தார் முன் யார் யார் கேட்டார்கள், யாருக்குத் தரப்பட்டது என்ற உத்தரவு நகலைக் கேட்டு வாங்குங்கள். மீனாட்சியம்மன் கோயில், அழகர்கோயில், திருப்பரங்குன்றம் போன்ற கோயில்களின் இனாமாக இருந்த நிலம் என்றால், உங்கள் முன்னோர் சொந்தக்காரரா குத்தகைதாரரா என்பது அந்த உத்தரவில்தான் தெளிவாகும். தலைமுறை தலைமுறையாக உழுததால் மட்டும் சொந்தம் ஆகிவிடாது. மனசுக்குக் கஷ்டமாக இருந்தாலும் பதிவு சொல்வதை ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும்.

‘அ’ பதிவேட்டின் குறிப்பில் கண்டிஷன் நிலம், டி.சி. (டிப்ரஸ்டு கிளாஸ்) நிலம் என்றிருந்தால் அது 1892 முதல் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு வழங்கப்பட்ட பஞ்சமி நிலமாக இருக்கலாம். அதை மற்றவர்களுக்கு விற்பது நிபந்தனைக்கு விரோதம். உங்கள் முன்னோருக்குக் கிடைத்த நிலம் பிறர் கையில் இருந்தால் தேடலை விடாதீர்கள். உங்கள் குடும்பம் வாங்கிய பக்கத்தில் இருந்தால், அந்த நிலத்தின் கதை உங்களுடையது மட்டுமில்லை என்பதை நேர்மையாக எதிர்கொள்ளுங்கள்.

மதுரை நகருக்குள் வீடு என்றால்

வழி வேறு. நகர நில அளவைப் பதிவேட்டில் வார்டு, பிளாக், டி.எஸ். (டவுன் சர்வே) எண்ணை வைத்துத் தேட வேண்டும். மதுரை நகராட்சி 1866-ல் அமைந்தது, அதன் சொத்துவரிப் பதிவுகள் வரிசையாகப் பெயர் மாற்றத்தைக் காட்டும். வெளி வீதிகள், மாரட் வீதி, பெருமாள் மேஸ்திரி வீதிப் பக்கம் என்றால், கலெக்டர் பிளாக்பர்ன் காலத்தில் 1840-களில் கோட்டையை இடித்து நிரவிய இடத்தில் உருவான மனைகள் அவை. மூலப் பத்திரம் அதற்கு முன்னால் போகாது.

கடல் கடந்து போனவர்கள்

“பெரிய தாத்தா கண்டிச் சீமைக்குப் போனார், திரும்பவே இல்லை” என்ற வாக்கியம் இல்லாத வீடு நம் பக்கம் அரிது. நில விஷயத்தில் இது வெறும் கதையாக நின்றுவிடாது, அவருக்கும் பங்கு உண்டு. இலங்கைத் தோட்டங்களுக்குக் கங்காணிகள் வழியாகப் போனார்கள், மண்டபம் முகாம் வழியாகக் கப்பல் ஏறினார்கள். 1964 அக்டோபரில் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையே கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படித் திரும்பியவர்களுக்குத் தரப்பட்ட குடும்ப அட்டையும் இந்தியப் பாஸ்போர்ட்டும் உறவை நிறுவ நல்ல சான்று. திரும்பி வந்த குடும்பங்கள் நீலகிரியிலும் வேறு மாவட்டங்களிலும் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டுக் காகிதத்தில் உங்கள் ஊர்ப் பெயர் இருக்கலாம்.

ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களுக்குப் பதிவு இன்னும் துல்லியம். மொரீஷியசில் மோகா என்னும் ஊரில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனம் இந்தியக் குடியேறிகளின் பதிவேடுகளைப் பாதுகாக்கிறது. தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு 1860 முதல் 1911 வரை 1,52,000-க்கும் மேற்பட்டவர்கள் கப்பலேறினார்கள். அந்தக் கப்பல் பட்டியல்களில் பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பில் உள்ள அடையாளம் வரை இருக்கும். எழுதியவர் நம் ஊர்ப் பெயரைக் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். ஆகவே அதே உருவில் தேடாமல், வாய்விட்டுச் சொல்லிப் பார்த்து எப்படியெல்லாம் கேட்டிருக்கும் என்று யோசித்துத் தேடுங்கள். இரண்டாம் படியில் குறித்துவைத்த பழைய தாலுகாப் பெயர் இங்கே கைகொடுக்கும். 1900-ல் உசிலம்பட்டிக்காரர் ஒருவர் திருமங்கலம் தாலுகாக்காரராகத்தான் எழுதப்பட்டிருப்பார்.

கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவேடுகள் பெரும் துணை. அமெரிக்கன் மதுரை மிஷன் 1834-ல் வந்தது, அதன் சபைகள் இன்று தென்னிந்தியத் திருச்சபையில் உள்ளன. கத்தோலிக்கர்கள் முதலில் தங்கள் பங்குக் கோயிலில் கேட்டு, பிறகு கொடைக்கானல் செண்பகனூரில் உள்ள இயேசு சபை ஆவணக் காப்பகத்துக்கு எழுதலாம்.

பிரமலைக் கள்ளர் குடும்பங்களின் பெயர்கள் குற்றப் பரம்பரைச் சட்டத்தின் ரேகைப் பதிவுகளிலும் ஏறியிருக்கின்றன. 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் அந்தச் சட்டத்தை எதிர்த்தவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அந்தப் பதிவில் முன்னோரின் பெயரைப் பார்ப்பது எளிதல்ல, பார்க்க விரும்பாதவர்களையும் நான் புரிந்துகொள்கிறேன். அவர்கள் கள்ளர் சீரமைப்புப் பள்ளிகளின் பழைய சேர்க்கைப் பதிவேடுகளைக் கேட்கலாம். மாணவர் பெயர், தந்தை பெயர், ஊர் அங்கேயும் உண்டு.

சங்கிலி முழுதாகக் கிடைத்த பிறகு

முதலில் ஒரு தாளில் காலவரிசையாக எழுதுங்கள்: ஆண்டு, புல எண், பரப்பு, யார் பெயர், எந்தப் பதிவேடு, எத்தனையாம் புத்தகம், எத்தனையாம் பக்கம். நகல்களைச் சான்றொப்பம் பெற்றே வாங்குங்கள். வெறும் செல்போன் படம் நீதிமன்றத்தில் நிற்காது.

பழைய பதிவேட்டில் தாத்தா பெயர் இருப்பதும் இன்று உங்களுக்கு உரிமை இருப்பதும் ஒன்றில்லை. நடுவில் கிரயமோ பாகப்பிரிவினையோ விடுதலைப் பத்திரமோ ஆகியிருக்கலாம். 1961-ன் நில உச்சவரம்புச் சட்டத்தில் போயிருக்கலாம். பிறர் உங்கள் உரிமைக்கு எதிராகப் பன்னிரண்டு ஆண்டுகள் வெளிப்படையாக அனுபவித்திருந்தால் வழக்கு போடும் காலமே தாண்டியிருக்கலாம். பட்டா என்பது வரி கட்டுபவர் யார் என்பதற்கான ஆவணம், அதுவே முழு உரிமைப் பத்திரம் ஆகாது. யுடிஆரில் பெயர் தவறியிருந்தால், அதற்கு முந்தைய பதிவேட்டு நகலோடு வருவாய்த் துறையில் திருத்த மனுக் கொடுக்கும் வழி இருக்கிறது. சொத்துரிமையே தகராறில் இருந்தால் சிவில் நீதிமன்றம்தான்.

வாரிசுகளைப் பட்டியலிடும்போது பெண்களை விடாதீர்கள். இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956-ல் வந்தது. தமிழ்நாடு 1989 மார்ச் 25 முதல், அன்றைக்குள் திருமணமாகாத மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் சம பங்கு கொடுத்தது. 2005 செப்டம்பர் 9 முதல் நாடு முழுவதும் மகள்களுக்கு மகன்களோடு சம உரிமை வந்தது. ஒவ்வொரு தலைமுறையிலும் யார் எந்த ஆண்டு இறந்தார் என்பதை வைத்தே எந்தச் சட்டம் பொருந்தும் என்பது முடிவாகும். முதல் படியில் வரைந்த குடும்ப மரத்தில் இறந்த காலத்தைப் பென்சிலில் எழுதச் சொன்னேனே, அதை இப்போது இறப்புச் சான்றோடு மையில் எழுதுங்கள். அந்த மரம், காலவரிசைத் தாள், சான்றொப்ப நகல்கள், வாரிசுச் சான்றிதழ் நான்கையும் ஒரே கோப்பில் கட்டி, நில வழக்குகளில் பழகிய வழக்கறிஞர் ஒருவரிடம் கொண்டுபோங்கள். போகுமுன் அந்த அத்தைகளுக்கும் ஒரு செட் நகல் எடுத்துக் கொடுத்துவிடுங்கள்.